தம்பிக்குச் சொல்லிக் கொடுத்த வினைச்சொற்கள்



இந்த மாதச் சுவர் இதழுக்கு 'என் லட்சியம்' அல்லது 'நான் விரும்பும் தலைவர்' பற்றி எழுதிக் கொடு என்று தமிழ் ஐயா சொன்னார். இரண்டையும் நான் ஏழாம் வகுப்பிலேயே எழுதி விட்டேன். ஆகவே, "எங்க வீட்டுல நடக்கறதை எழுதட்டுங்களா ஐயா?" என்று கேட்டேன். "எழுதும்மா, ஆனா ரெண்டு சார்ட்டுக்கு மேல போகக் கூடாது" என்றார். அதனால் பொடி எழுத்தில் எழுதியிருக்கிறேன். கிட்ட வந்து நின்று படிக்கவும்.

என் தம்பி நம் பள்ளியில்தான் ஐந்தாம் வகுப்பு படிக்கிறான். அமராவதி நகர் சைனிக் பள்ளியில் ஆறாம் வகுப்பு சேருவதற்கு நுழைவுத் தேர்வு எழுதப் போகிறான். அந்தப் பள்ளி 1962-ல் ஆரம்பித்தது. அமராவதி அணைக்குப் பக்கத்தில் இருக்கிறது. முதலைப் பண்ணைக்கு டூர் போனபோது பஸ் ஜன்னல் வழியாக நாம் எல்லோரும் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தோமே, அதேதான். அங்கேயே தங்கிப் படிக்க வேண்டும். பிற்பாடு ராணுவத்தில் அதிகாரி ஆவதற்குத் தயார் செய்வார்கள். இந்த ஆசை முதலில் தம்பிக்கு வரவில்லை, அப்பாவுக்குத்தான் வந்தது. தம்பிக்குப் பிற்பாடு தொற்றிக் கொண்டது.

தேர்வுக்கு மொத்தம் 300 மதிப்பெண். கணக்கு மட்டும் 50 கேள்வி, 150 மதிப்பெண். மொழி, நுண்ணறிவு, பொது அறிவு மூன்றுக்கும் தலா 25 கேள்வி, 50 மதிப்பெண். இரண்டரை மணி நேரம். ஆறாம் வகுப்புக்கான தேர்வைத் தமிழிலேயே எழுதலாம். கணக்கை அவனுடைய டீச்சர் பார்த்துக் கொண்டார். மொழி என் தலையில் விழுந்தது. "நீதான் தமிழ்ல 92 வாங்கறியே, சொல்லிக் குடு கண்ணு" என்று அப்பா ஒரு பழைய கைடை என் கையில் வைத்து விட்டார். அதற்கு முதல் அட்டையும் கிடையாது, கடைசி அட்டையும் கிடையாது.

அதில் 'ஒரே பொருள் தரும் சொற்கள்' என்று ஒரு பாடம். பெயர்ச்சொல் பகுதி சுலபமாகப் போய் விட்டது. யானையை வேழம் என்றாலும் அதற்கு ஒரு தும்பிக்கைதான். வினைச்சொல்லுக்கு வந்த பிறகுதான் வீட்டில் ரகளை ஆரம்பித்தது.

முதல் சொல் 'சொல்'. அதற்கு கூறு, உரை, மொழி, இயம்பு, செப்பு, பகர், நவில், விளம்பு, புகல், நுவல், அறை என்று ஒரு முழ நீளத்துக்குப் போட்டிருந்தார்கள். தினசரி காலண்டர் தாளைக் கிழித்து அதன் பின்பக்கம் எழுதிக் கொடுத்தேன். தம்பி அதை ராகம் போட்டுப் பாடிக் கொண்டே குடத்தைத் தூக்கிக் கொண்டு தண்ணீருக்குப் போவான். இரண்டே நாளில் மனப்பாடம் ஆகி விட்டது. மூன்றாம் நாள் அம்மாயியிடம் போய், "அம்மாயி, உன்னைக் கஞ்சி அருந்துமாறு அம்மா இயம்பினாள்" என்றான். அம்மாயி பயந்து போய், "ஏண்டா சாமி, யாருக்கு என்னாச்சு?" என்று எழுந்து உட்கார்ந்து விட்டது. அம்மாவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரை ஏறி விட்டது.

இதில் ஒரு விஷயம். என் பக்கத்து பெஞ்சுத் தோழி வீட்டில் தெலுங்கு பேசுவார்கள். அவளிடம் இந்தப் பட்டியலைக் காட்டினேன். "ஏய், செப்பு எங்க வீட்டுச் சொல்லு. எங்கம்மா நாளைக்கு நூறு தரம் சொல்லும்" என்றாள். நமக்குக் கைடில் மட்டும் இருக்கும் சொல் இரண்டு தெரு தள்ளி ஒரு வீட்டில் தினமும் அடுப்படியில் புழங்குகிறது! அன்றிலிருந்து செப்பு மட்டும் தம்பிக்கு மறக்கவே இல்லை. 'அறை' என்ற சொல்லும் மறக்கவில்லை. அதற்குக் காரணம் நான். "அறைந்தான்னா சொன்னான்னும் அர்த்தம், இன்னொரு அர்த்தமும் இருக்கு" என்று செய்து காட்டினேன்.

இப்படி ஒரு மாதம் போனது. பிறகு மாதிரித் தேர்வு வைத்தேன். அதில் ஒரு கேள்வி: 'கூரை ......' கோடிட்ட இடத்தை நிரப்புக. போட்டான், கட்டினான், வேய்ந்தான், அடித்தான். தம்பி 'போட்டான்' என்று குறித்திருந்தான். நான் சிவப்புப் பேனாவால் தப்புப் போட்டேன். அவன் விடவில்லை. "நம்மூட்டுக்கு அப்பா ஆஸ்பெஸ்டாஸ் போட்டாருன்னுதானே எல்லாரும் சொல்றோம்? வேய்ந்தாருன்னு யார் சொன்னா?" என்று சண்டைக்கு வந்தான். எனக்கும் பதில் தெரியவில்லை. கைடில் விடை அதுதான், எழுதிக்கோ என்றேன்.

அம்மாயி கட்டிலில் படுத்தபடியே கேட்டுக் கொண்டிருந்தது. "அந்தக் காலத்துல இது சாளையா இருந்தப்போ உங்க அப்புச்சி வருசத்துக்கு ஒருக்கா கூரை மேய்வாரு. கீத்துப் பின்னி அடுக்கி வெச்சு, மழைக்கு முன்னாடி மேஞ்சுருவாரு" என்றது. தம்பி, "மாடுதான் அம்மாயி மேயும். மனுசன் மேய்வானா?" என்று உருண்டு உருண்டு சிரித்தான். நானும் சிரித்தேன். பிறகுதான் எனக்குச் சுரீர் என்றது. வேய்வதைத்தான் அம்மாயி மேய்வது என்கிறது! கைடில் இருந்த சொல் எங்கள் வீட்டுக் கட்டில் மேலேயே இருந்திருக்கிறது, கொஞ்சம் வாய் தேய்ந்து போய். அம்மாயி பள்ளிக்கூடமே போனதில்லை.

அதற்குப் பிறகு நான் ஒவ்வொரு சொல்லையும் அம்மாயியிடம் கேட்க ஆரம்பித்தேன். நாங்கள் 'சாப்பிடு' என்போம். புத்தகத்தில் 'உண்' என்று இருக்கும். அம்மாயி, "சோறுண்டியா கண்ணு?" என்றுதான் எப்போதும் கேட்கும். இத்தனை வருஷமாக அதை நான் பழைய காலத்துப் பேச்சு என்று நினைத்துக் கொண்டிருந்தேன்.

அடுத்த தப்பு 'பறி'. அதற்கு இணையான சொல் கொய் என்று கைடு சொல்கிறது. தம்பி 'எடு' என்று போட்டிருந்தான். கேட்டால், "பருத்தி எடுக்கப் போறாங்கன்னுதானே சொல்லுவாங்க" என்கிறான். அவன் சொல்வதும் நியாயம்தானே? அன்று ராத்திரி அம்மா, அம்மாயி, நான் மூன்று பேரும் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். தக்காளி பறிக்கிறோம். பருத்தி எடுக்கிறோம். கீரை கிள்ளுகிறோம். கடலைக்காயைச் செடியோடு பிடுங்கி அப்புறம் காயை ஆய்கிறோம். மக்காச்சோளக் கருது ஒடிக்கிறோம். நெல் அறுக்கிறோம். கரும்பும் மஞ்சளும் வாழைத்தாரும் வெட்டுகிறோம். புளியை உலுக்குகிறோம். தேங்காயை மரத்திலிருந்து போடுகிறோம். அதற்கப்புறமும் அது சும்மா இல்லை. அப்பா பாரையில் குத்தி உரிக்கிறார். அம்மா களத்தில் உடைத்துக் காயப் போட்டுத் தேங்காய்த்தொட்டியிலிருந்து பருப்பைப் பெயர்த்து எடுக்கிறார்.

எல்லாமே செடியில், மரத்தில் இருப்பதை நாம் கைக்குக் கொண்டு வருவதுதான். அப்படியானால் எல்லாம் ஒரே பொருள்தானே? ஆனால் கீரையை வெட்டினேன் என்று சொல்லிப் பாருங்கள். புளியைக் கிள்ளினேன் என்று சொல்லிப் பாருங்கள். அம்மாயி சொன்னது: "கையி என்ன செய்யுதோ அதைத்தானே கண்ணு வாயி சொல்லோணும்?"

இதை நான் தமிழ் ஐயாவிடம் சொன்னேன். அவருக்கு மிகவும் சந்தோஷமாகி விட்டது. இதற்குப் பெயர்தான் வினைமரபு என்றார். ஓவியம் வரைவது, கூடை முடைவது, செய்யுள் இயற்றுவது, அம்பு எய்வது, ஆடை நெய்வது எல்லாம் அதில் வரும். அந்தக் காலத்துத் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் நிகண்டு என்ற நூலை மனப்பாடம் செய்வார்களாம். ஒரே பொருள் தரும் சொற்களை எல்லாம் சேர்த்துக் கட்டிய நூல் அது. திவாகரம் என்பதுதான் பழைய நிகண்டு. அதில் 12 தொகுதி. ஒன்பதாவது தொகுதி முழுக்கச் செயல்களைப் பற்றியதுதான். பிற்பாடு மண்டல புருடர் சூடாமணி நிகண்டு என்று ஒன்றை, மனப்பாடம் செய்யச் சுலபமாக இருக்கும்படி விருத்தப் பாட்டாகவே எழுதினார். ஆக, தம்பி குடத்தைத் தூக்கிக் கொண்டு ராகம் போட்டது ஒன்றும் புதிது இல்லை.

அன்றைக்கே ஐயா இன்னொன்றும் சொன்னார். அதுதான் என் மனதில் தைத்துக் கொண்டது. ஈ, தா, கொடு என்று மூன்று சொல் இருக்கிறது. மூன்றுக்கும் பொருள் ஒன்றுதான். ஆனால் தொல்காப்பியம் சொல்லதிகாரத்தில் எச்சவியலில் இதற்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். தாழ்ந்த நிலையில் இருப்பவர் மேலே இருப்பவரிடம் கேட்டால் 'ஈ'. சமமாக இருப்பவரிடம் கேட்டால் 'தா'. மேலே இருப்பவர் கீழே இருப்பவரிடம் கேட்டால் 'கொடு'.

கைடில் இந்த மூன்றையும் ஒரே வரிசையில் போட்டு, நடுவில் ஒரு கமா வைத்திருக்கிறார்கள். அவ்வளவுதான்.

அந்தச் சனிக்கிழமை நான் அம்மாவோடு களத்துக்குப் போனேன். விண்ணப்பம் போடப் பணம் வேண்டும். அப்பாவுக்கு அந்த வாரம் வேலை சரியாக இல்லை. அம்மா முந்தானையில் கையைத் துடைத்துக் கொண்டு களத்துக்காரர் முன்னால் போய் நின்றார். "ஏனுங்ணா, பையனுக்குப் பரிச்சைக்குக் கட்டோணும். ஒரு ஆயிரம் ரூவா குடுங்க. வாரக் கூலீல புடிச்சுக்குங்க" என்றார். அவர் உடனே எடுத்துக் கொடுத்து விட்டார், நல்ல மனிதர்தான். கொடுத்து விட்டு, "அந்தச் சாக்கை இங்க குடு" என்றார். அம்மா எடுத்துக் கொடுத்தார்.

இரண்டு பேரும் சொன்னது ஒரே வினைச்சொல்தான். அம்மா சொன்னதில் 'ங்க' இருந்தது. அவர் சொன்னதில் இல்லை. திங்கட்கிழமை ஐயாவிடம் இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "அப்ப மூணு சொல்லு செஞ்ச வேலையை இப்ப 'ங்க' செய்யுதும்மா" என்றார்.

அந்தப் பணத்தை எடுத்துக் கொண்டு நானும் அம்மாவும் உடுமலையில் ஒரு கம்ப்யூட்டர் சென்டருக்குப் போனோம். அங்கே ஒரு அக்கா விண்ணப்பத்தை நிரப்பினார். பிறந்த தேதி எல்லாம் கேட்டு விட்டு, "ஆண்தானே?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. "பொண்ணுங்களும் எழுதலாமுங்களாக்கா?" என்று சும்மாதான் கேட்டேன். "எழுதலாமே. 2021-22-லேர்ந்து பொண்ணுங்களையும் சேக்கறாங்களே" என்று திரையைப் பார்த்துக் கொண்டே சொன்னார்.

2021-22-ல் நான் ஐந்தாம் வகுப்பு.

பஸ்ஸில் வரும்போது அதையே கணக்குப் போட்டுக் கொண்டு வந்தேன். கொரோனாவுக்குப் பிறகு 1 முதல் 8 வரை வகுப்புகளை அந்த வருஷம் நவம்பர் 1-ஆம் தேதிதான் திறந்தார்கள். அதற்கு முன்னால் நான் வீட்டில்தான் இருந்தேன். அந்த ஜனவரியில் அந்தத் தேர்வு நடந்திருக்கிறது. என் வயதுக்குச் சரியாக இருந்திருக்கும். யாரும் என்னிடம் சொல்லவில்லை. யாருக்காவது தெரிந்திருந்தால்தானே சொல்வதற்கு! ஒன்பதாம் வகுப்பில் சேருவதற்கும் ஒரு தேர்வு உண்டு. அதை எட்டாம் வகுப்பு படிக்கும்போதே எழுத வேண்டும், ஆங்கிலத்தில் மட்டும்தான். நான் இப்போது ஒன்பதில் இருக்கிறேன். இரண்டு பஸ்ஸும் போய் விட்டது.

அன்று சாயங்காலம் தம்பிக்குப் பொது அறிவு படித்துக் காட்ட வேண்டும். நான் பேப்பரிலிருந்து வெட்டி ஒட்டி வைத்திருந்த செய்தி ஒன்று அப்போதுதானா கண்ணில் பட வேண்டும்? தேசிய பாதுகாப்பு அகாடமியில் 2022-ல் முதல் முறையாகப் பெண்களும் பயிற்சிக்குச் சேர்ந்து, 2025 மே மாதம் 17 பேர் முடித்து வெளியே வந்த செய்தி. அதை ஒட்டியபோது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. அன்றைக்குத் தோன்றியது.

இனி எழுதப் போவதை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். தம்பியும் இந்தச் சுவர் முன்னால் நின்று படிப்பான். பரவாயில்லை, எழுதுகிறேன்.

தலை வலிக்கிறது என்று சொல்லி அன்று நான் சொல்லிக் கொடுக்கவில்லை. மறுநாள் காலை கைடை எடுத்து அரிசி டின்னுக்குப் பின்னால் வைத்து விட்டேன். தம்பி தேடினான். "எங்க வெச்சே? எங்கியோ தொலைச்சுட்டியா?" என்று நானே அவனைத் திட்டினேன். அவன் பெட்டி, பை, கட்டிலுக்கு அடியில் எல்லாம் தேடினான். மூன்று நாள். மறைத்தேன், ஒளித்தேன், பதுக்கினேன் என்று இதற்கும் பட்டியல் இருக்கிறது. நான் செய்தது பதுக்கியது இல்லை, எனக்கு அது வேண்டியிருக்கவில்லை. மறைத்ததும் இல்லை. ஒளித்ததுதான்.

மூன்றாம் நாள் ராத்திரி சாப்பிட்டு முடித்து டியூப்லைட் அடியில் உட்கார்ந்திருந்தேன். தம்பி ஒரு காலண்டர் தாளோடு வந்தான். கைடு இல்லை என்று பள்ளி நூலகத்து அகராதியைப் பார்த்து அவனே எழுதியிருந்தான். கோணல் மாணலாக 'அழு' என்று தலைப்பு. அதன் கீழ் கதறு, புலம்பு, அரற்று, விம்மு, தேம்பு, கேவு.

"அக்கா, கதறல்னா ஊருக்கே கேக்கும். சரியா?"

"சரி."

"புலம்பல்னா பேசிட்டே அழுவறது. அம்மாயி அப்புச்சியை நெனைச்சு அழுவுமே, அது. தேம்பல்னா, நான் அடி வாங்கி அழுது முடிச்சப்புறம் தானா வருமே, அது. சரியா?"

"சரிடா."

"அப்ப நீ நேத்து ராத்திரி அழுதியே, அது எதுல வரும்?"

எனக்குத் தூக்கி வாரிப் போட்டது. அவன் கேலிக்குக் கேட்கவில்லை. பென்சிலைத் தயாராக வைத்துக் கொண்டு, எழுதிக் கொள்வதற்காகத்தான் கேட்டான். நான் கொஞ்ச நேரம் அந்தத் தாளையே பார்த்துக் கொண்டிருந்தேன். அதில் இருந்த எந்தச் சொல்லும் அது இல்லை.

"இதுல எதுவும் இல்ல. அதுக்குப் பேரு விசும்பறது."

"விசும்பா? அது வானமாச்சே! வானம், விண், ஆகாயம், விசும்பு. நீதானே சொல்லிக் குடுத்தே?"

"அதுவும் விசும்புதான், இதுவும் விசும்புதான். அது பெயர்ச்சொல், இது வினைச்சொல். வாயை மூடிட்டு, மூச்சை மட்டும் இழுத்து இழுத்து, பக்கத்துல படுத்திருக்கறவங்களுக்குத் தெரியாம அழுவறது."

"எனக்குத் தெரிஞ்சுதே?" என்றான்.

பிறகு அவன் கேட்டான், நான் சொன்னேன். 2021-22, கம்ப்யூட்டர் சென்டர், எல்லாம் சொன்னேன். அவன் கொஞ்சம் யோசித்து விட்டு, "அப்ப நானும் எழுதலக்கா" என்றான். எனக்குக் கோபம் வந்து விட்டது. "டேய், அம்மா கடன் வாங்கிக் கட்டுன காசு. எழுதலைன்னா அறைவேன்" என்றேன். "எந்த அறை? சொல்றதா, அடிக்கறதா?" என்றான். அதற்கு மேல் கோபத்தை எங்கே பிடித்து வைப்பது?

எழுந்து போய் அரிசி டின்னுக்குப் பின்னால் கையை விட்டுக் கைடை எடுத்து வந்தேன். "கெடச்சுருச்சாக்கா?" என்று குதித்தான். கெடச்சுருச்சு என்றேன். அது பொய். கிடைப்பது என்றால் தொலைந்திருக்க வேண்டும். தம்பி, அது தொலையவே இல்லை. இதைப் படிக்கும்போது தெரிந்து கொள். வீட்டுக்கு வந்து திட்டு.

அந்த மூன்று நாளுக்கும் சேர்த்து அதற்கப்புறம் தினமும் காலையில் ஒரு மணி நேரம் கூடுதலாகச் சொல்லிக் கொடுக்கிறேன். கைடில் அழு என்ற சொல்லுக்கு எதிரே இருந்த இடத்தில் 'விசும்பு' என்று பேனாவால் எழுதி வைத்திருக்கிறேன். அடுத்து யார் அந்தக் கைடை வாங்கினாலும் அவர்களுக்கு உதவும். இப்போது பட்டியலை மனப்பாடம் செய்யச் சொல்வதில்லை. ஒரு சொல்லைக் கொடுத்து, 'இதை யார் செய்வார்கள், எதை வைத்துச் செய்வார்கள், யாரிடம் சொல்வார்கள்' என்று கேட்கிறேன். அப்படிக் கேட்டால் அவனுக்குத் தப்பு வருவதில்லை. போன மாதிரித் தேர்வில் மொழிப் பகுதியில் 25-க்கு 22 சரி. தப்பான மூன்றில் ஒன்று 'பால் பருகினான்'. அவன் 'குடித்தான்' என்றே போடுவான். "எங்க வீட்டுல குடிக்கத்தான் செய்யறோம்" என்று அழிக்க மாட்டேன் என்கிறான். கைடு தண்ணீரைக் குடிக்கச் சொல்கிறது, பாலைப் பருகச் சொல்கிறது. எதற்கு இந்த வித்தியாசம் என்று எனக்கும் தெரியவில்லை. அந்த இரண்டு மதிப்பெண் போனால் போகட்டும் என்று விட்டு விட்டேன்.

போன வெள்ளிக்கிழமை 'போ' என்ற சொல்லுக்கு வந்தோம். செல், ஏகு, நீங்கு, அகல், கிளம்பு, புறப்படு. தம்பி வாசல்படியில் உட்கார்ந்து காலை ஆட்டிக் கொண்டு, "போனான், சென்றான், ஏகினான், அகன்றான், நீங்கினான்" என்று சத்தமாகப் பாடிக் கொண்டிருந்தான். அம்மா உள்ளே விளக்கு ஏற்றிக் கொண்டிருந்தார். அம்மாயி கட்டிலிலிருந்து ஒரு சத்தம் போட்டது. "வெளக்கு வெக்கற நேரத்துல வாசப்படீல குந்திட்டு என்னடா போனான் போனான்னுட்டு? வாயக் கழுவு!"

"பாடம் அம்மாயி. பரிச்சைக்கு வரும்."

"எந்தப் பரிச்சையா இருந்தா என்ன? போறேன்னு ஒத்தையாச் சொல்லக் கூடாது. போயிட்டு வர்றேன்னுதான் சொல்லோணும்."

தம்பி என்னைப் பார்த்தான். கைடில் அப்படி ஒரு சொல் இல்லை. அது ஒரு சொல்லா, இரண்டு சொல்லா என்றும் எனக்குத் தெரியவில்லை. ஐயாவிடம்தான் கேட்க வேண்டும். அம்மா விளக்கை வைத்து விட்டுக் கதவுக்குப் பக்கத்தில் வந்து நின்று கொண்டிருந்தார். தேர்வில் பாஸானால் ஜூன் மாதம் அவன் இந்த வீட்டில் இருக்க மாட்டான் என்று அம்மாவும் அப்போதுதான் நினைத்திருப்பார் போல.

"சரி, அம்மாயி சொல்ற மாதிரியே எழுதிக்கோ" என்றேன். தம்பி காலண்டர் தாளைத் திருப்பி, முட்டியில் வைத்து, நீங்கினான் என்பதற்குக் கீழே 'போயிட்டு வந்தான்' என்று எழுதி, மறுபடியும் முதலிலிருந்து பாட ஆரம்பித்தான்.

இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு 'அ' பிரிவு மாணவி